ஹோவரிங் என்பதற்கு ‘நிலைப்பறப்பு’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பறவைகளும் பூச்சிகளும் இடம்பெயராமல் காற்றிலேயே நின்று சிறகடிப்பதை, ஆங்கிலத்தில் ஹோவரிங் எனப்படுவதை, ‘மிதத்தல்’ என்று குறிக்கலாம் என்னும் நண்பர் ஒருவரின் முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. மிதப்பதற்கு உழைப்பு வேண்டியதில்லை. ஓரிடத்தில் நின்று பறப்பதோ மிகுந்த ஆற்றலைச் செலவிட வைக்கும் பறத்தல் முறை. முன்னோக்கிச் செல்லும் பறவைக்குச் சிறகின்மேல் ஓடும் காற்று அதன் வேகத்தாலேயே கிடைத்துவிடுகிறது. நிற்கும் பறவை அந்தக் காற்றோட்டத்தைச் சிறகை வீசி வீசித் தானே உண்டாக்க வேண்டும்.

நீர்ப்பரப்புக்கு மேலே நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பாருங்கள். உடல் ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்க, அலகு கீழ்நோக்கியிருக்க, சிறகுகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்போதும் தலை அசையாமல் நிற்கும். இதன் ஒளிப்படத்தின்கீழ் ‘மிதக்கிறது’ என்று எழுதினால் படத்துக்கும் விளக்கத்துக்கும் தொடர்பே இராது.

ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) என்ற பெயரில் உள்ள ‘ஓசனித்தல்’ சுருக்கமானதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் முதன்முறை படிப்பவருக்கு அதன் பொருள் சொல்லிலிருந்து புலப்படுவதில்லை. ஆகவே ‘நிலைப்பறப்பு’ என்பதை முன்வைக்கிறேன். வினையாக வருமிடத்தில் ‘நின்று பறத்தல்’ போதும். அடைமொழி சேர்த்து விரிக்கவும் இச்சொல் இடந்தரும். சிற்றெழால் (கெஸ்ட்ரல் என்னும் சிறு வேட்டைப்பறவை) எதிர்க்காற்றின் வேகத்துக்கு இணையாகப் பறப்பதால், காற்றைப் பொறுத்தவரை முன்னேறிக்கொண்டே தரையைப் பொறுத்தவரை ஒரே இடத்தில் நிற்கிறது; அது ‘எதிர்க்காற்று நிலைப்பறப்பு’. ஓசனிச்சிட்டுக்கு அந்தக் காற்றின் துணை வேண்டியதில்லை. சிறகைக் கீழே வீசும்போது ஏறத்தாழ முக்கால் பங்கும் மேலே வீசும்போது கால் பங்கும் ஏற்றவிசை (உடலை மேலே தாங்கும் விசை) பெற்று, அசைவற்ற காற்றிலும் அது நிற்கும்.

‘நிலை’ என்றதும் அசைவே இல்லை என்று பொருள்பட்டுவிடும் என்னும் தடையை எதிர்பார்க்கிறேன். நிலைத்திருப்பது உடல், சிறகு அன்று. ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். தூரம் மாறாததால் குவியம் (ஃபோகஸ்) எளிதில் அமைந்துவிடும். சிறகுதான் கைக்கு அகப்படாது. தேனீ நொடிக்கு ஏறத்தாழ 230 முறை சிறகடிக்கிறது. ஷட்டர் வேகம் 1/250 நொடியாக இருந்தால், திரை திறந்து மூடுவதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழு அடிப்பு முடிந்துவிடுவதால், கண்ணும் காலும் துல்லியமாக விழுந்த படத்தில் சிறகு வெறும் புகைபோலத் தெரியும். 1/2000 நொடியிலும் ஓர் அடிப்பில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு படத்தில் இழுபடும். பெரிய தும்பிகளின் சிறகடிப்பு நொடிக்கு 30 முறை அளவிலேயே இருப்பதால், அதே வேகத்தில் அவற்றின் சிறகு நரம்புகளைக்கூட எண்ணிவிடலாம்.

மலைச்சரிவில் மேலெழும் காற்றில் சில பருந்துகள் சிறகை அடிக்காமலே ஓரிடத்தில் நிற்பதுண்டு. அதை ‘நிலைமிதப்பு’ என்று பிரித்துச் சொல்லலாம்; ‘மிதத்தல்’ முன்மொழிந்த நண்பரின் சொல்லுக்கு உரிய இடம் அங்கேதான் என்று கருதுகிறேன்.