வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள்: க்ளே பார் போட்டும் போகல, களிமண் வேற ஒட்டிக்கிச்சு

கேள்வி:
வெள்ளை ஹேட்ச்பேக். ராத்திரி நிறுத்துறது ரயில்வே லைனை ஒட்டின தெருவுல. பானட், டிக்கி முழுக்க குண்டூசி முனை அளவுல ஆரஞ்சுப் புள்ளி. மீடியம் க்ளே பாரை (பெயிண்ட்ல ஒட்டின அழுக்கை எடுக்குற களிமண் கட்டி, நடுத்தர சொரசொரப்பு) ஷாம்பு தண்ணி விட்டுத் தேய்ச்சதுல பாதிதான் போச்சு. பானட்டுல நீலக் களிமண் இழுவி ஒட்டியிருக்கு. சுரண்டி எடுக்கலாமா?

பதில் 1:
நகம்கூட படக்கூடாது சார். க்ளியர் கோட், அதாவது பெயிண்ட் மேல இருக்குற நிறமில்லாத பூச்சு, சுமார் 40 மைக்ரான்தான். வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து, தகடு ஆறினதும் க்விக் டீடெய்லர் (பெயிண்டைத் துடைக்க வழுவழுப்பு தர்ற ஸ்ப்ரே) தாராளமா அடிங்க. ஒரு நிமிஷம் ஊறினதும் மைக்ரோஃபைபர் துணியால அழுத்தாம எடுங்க. மிச்சத்துக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் தண்ணியும் சரிபாதி. புதுசா டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடிச்ச பேனல்னா ஆல்கஹால் வேண்டாம்.

களிமண் ஒட்டினதுக்குக் காரணம், பெரும்பாலும் வெயில்ல தகடு சுட்டிருக்கும், இல்லைன்னா ஷாம்பு கெட்டியா இருந்திருக்கும். சூட்டுல தண்ணி காய்ஞ்சு களிமண் இளகிடும்; சில களிமண் சோப்புல பிசுபிசுத்துப் போகும்.

பதில் 2:
புள்ளி இரும்புத் தூள். ரயில் பிரேக்கும் சக்கரமும் தேயும்போது பறந்து வந்து பெயிண்ட்ல குத்தித் துருப்பிடிக்குது. க்ளே வெளியே நீட்டுறதை மட்டும்தான் அறுக்கும். அடியில தங்கினது மறுபடி துருவேறி மேல வரும். அதனால முதல்ல அயர்ன் ரிமூவர், இரும்புத் தூளைக் கரைக்கிற ஸ்ப்ரே. கையுறை போட்டுக்கோங்க, நாத்தம் அழுகின முட்டைதான். அடிச்சு 3 முதல் 5 நிமிஷம், ஊதாவா ஒழுகும். காய விடாம கழுவிடுங்க.

கேட்டவர்:
நன்றி. அதுக்கப்புறம் அதே மீடியம் க்ளேவா?

பதில் 2:
சொரசொரப்பு கம்மியான ஃபைன் க்ளே போதும். மீடியம் மெல்லிய கோடு போடும். வெள்ளையில தெரியாது, கறுப்பு வண்டின்னா அழுதுடுவீங்க. 50 கிராம் துண்டைத் தட்டி மூணு விரல் அகலத்துக்குப் பண்ணுங்க. ரெண்டடிக்கு ரெண்டடி இடமா எடுத்து, நேர்கோட்டுல, களிமண்ணோட எடை மட்டும் விழற மாதிரி ஓட்டுங்க. வட்டமா வேண்டாம். முதல்ல சரசரன்னு சத்தம் வரும், அது அடங்கினா அந்த இடம் முடிஞ்சது. அழுக்கான பக்கத்தை உள்ளே மடிச்சுப் பிசைஞ்சுக்கோங்க. ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில மாட்டித் தடவிப் பார்த்தா விட்டுப்போன இடம் நறநறன்னு தெரியும்.

பதில் 1:
பழைய வேக்ஸும் க்ளேயோட போயிடும், அன்னிக்கே புதுசு போடுங்க. க்ளே கீழ விழுந்தா தூக்கிப் போடுங்க, மணல் புகுந்தது உப்புத்தாள்தான். கடைசியா மிஞ்சின அழுக்குத் துண்டை முன் கண்ணாடிக்கு வச்சுக்கலாம், அதுக்கு மேல பெயிண்ட் பக்கம் கொண்டுபோகாதீங்க.