போருக்குக் காரணம் தேடுவது அறிவியலா, நடந்த பிறகு சொல்லும் கதையா?

ராத்திரி_வாசகன்:

நான் இயற்பியல் படித்தவன். யூபிஎஸ்சிக்கு அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் விருப்பப் பாடமாக எடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு விஷயம் மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. போரின் காரணங்களைத் தேட சர்வதேச உறவு அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1959-ல் பிரித்துக் கொடுத்த மூன்று தளங்கள் எல்லா நோட்ஸிலும் இருக்கின்றன: தனிமனிதன், அரசு, நாடுகளைத் தட்டிக்கேட்க மேலே யாரும் இல்லாத உலக அமைப்பு. முதல் உலகப் போர் வெடித்த 1914-ஐ எடுத்தால் மூன்றுமே பொருந்துகின்றன. கைசரின் (ஜெர்மன் பேரரசரின்) குணம், ஜெர்மன் ராணுவத்தின் செல்வாக்கு, எதிரெதிராக நின்ற கூட்டணிகள், கூடவே ஆயுதப் போட்டி, தேசியவாதம், படைகளை ஏற்றிச்செல்லும் ரயில் அட்டவணை வரைக்கும். பத்துக் காரணம் பொருந்துகிறது என்றால் பதினொன்றாவதை நானே சேர்த்து எழுதிவிடலாம், தவறு என்று யாரும் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்தில் இன்னொரு 1914-ஐ ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. பிறகு எந்த அர்த்தத்தில் இதை அறிவியல் என்கிறார்கள்? தேர்வுக்காகக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் தேர்வுக்காகவும்தான்.

சும்மா_வந்தேன்:

அறிவியலும் இல்லை, ஒன்றும் இல்லை. சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரின் டிரைவர் தப்பான தெருவில் திரும்பி வண்டியை நிறுத்தினார், பக்கத்திலேயே துப்பாக்கியோடு பிரின்சிப் நின்றான், இளவரசரைச் சுட்டுவிட்டான், பத்தொன்பது வயதுப் பையன். அவ்வளவுதான். நேராகப் போயிருந்தால் நீங்கள் இந்த நோட்ஸையே வாங்கியிருக்க வேண்டாம். மார்க் வருகிற மாதிரி எழுதிவிட்டுப் போங்கள் தம்பி.

பழைய_வாத்தியார்:

தம்பி, இன்னொரு 1914-ஐ ஓட்டிப் பார்க்க முடியாது என்கிறீர்கள். கிட்டத்தட்ட ஓட்டிப் பார்த்தாயிற்று. 1912 குளிர்காலம். முதல் பால்கன் போரில் செர்பியப் படை அட்ரியாட்டிக் கடற்கரை வரை வந்துவிட்டது, ஆஸ்திரியாவுக்கு அது பொறுக்கவில்லை, எல்லையில் படையைப் பெருக்கியது. ரஷ்யாவோ, சேவைக்காலம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய சிப்பாய்களை அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொண்டது. அதே கைசர், அதே கூட்டணிகள், அதே ரயில்கள். 1913 மார்ச்சில் இரண்டு பக்கமும் படையைக் குறைத்துக்கொண்டு கலைந்துவிட்டன. உங்கள் பட்டியலில் பெரும்பகுதி போர் வந்த வருடத்திலும் இருக்கிறது, வராத வருடத்திலும் இருக்கிறது. அதனால் அவை தேவையற்றவை என்று ஆகிவிடாது, ஆனால் அவை மட்டும் இந்த வித்தியாசத்தை விளக்காது. நம் பாடநூல்களில் வந்த போர்களை மட்டும் அடுக்குகிறார்கள், வராமல் போனவற்றுக்கு ஒரு பத்தி கூடக் கிடையாது. உங்களுக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

நடுவில் என்ன மாறியது என்று பாருங்கள். ஆஸ்திரியத் தலைமைத் தளபதி கான்ராட், செர்பியா மீது போர் தொடுக்க வேண்டும் என்று 1913-ல் மட்டும் 25 தடவை கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அவரை அடக்கி வைத்தவர்களில் முக்கியமானவர் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். சரயேவோவில் செத்தவர் அவரேதான். சும்மா_வந்தேன் சொல்லும் அந்தத் தெருமுனையில் பிடுங்கப்பட்டது பிரேக். அப்புறம், என்ன வந்தாலும் கூட நிற்கிறோம் என்று 1914 ஜூலை 5-ஆம் தேதி பெர்லினிலிருந்து ஆஸ்திரியாவுக்கு வந்த வாக்கு. மூன்றாவது, 1917-ல் முடியப்போகும் ரஷ்யாவின் ராணுவ விரிவாக்கத் திட்டம். இன்று அடிக்காவிட்டால் பிறகு அடிக்கவே முடியாது என்ற பயம் ஜெர்மன் தளபதிகளைப் பிடித்திருந்தது.

எங்கள் ஊரில் ஒரு முழ வரப்புக்காகப் பங்காளிகள் இருபது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். வக்கீலுக்குக் கொடுத்த காசில் அந்த வயலையே வாங்கியிருக்கலாம். அரசியல் அறிவியலாளர் ஜேம்ஸ் ஃபியரன் 1995-ல் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்: போர் இரண்டு பேருக்கும் நஷ்டம், அப்படியிருக்கக் கடைசியில் கிடைக்கப்போகிற பங்கை முன்னாலேயே பேசிப் பிரித்துக்கொள்ளாதது ஏன்? அவர் சொன்ன விடைகளில் ஒன்று, தன் பலத்தையும் பிடிவாதத்தையும் பற்றி அவரவர் மறைத்தும் ஊதியும் பேசுவது. இன்னொன்று, நாளை பலசாலி ஆகப்போகிறவன் இன்றைக்குக் கொடுக்கும் வாக்கை அன்றைக்கும் காப்பாற்றுவான் என்று நம்ப எந்தப் பிடிமானமும் இல்லாதது. 1917 பயம் இந்த இரண்டாவதில் சேரும்.

எண்_கணக்கு:

ஐயா சொன்னது சரி, ஆனால் இரண்டு வருடங்களை வைத்து ஒப்பிட்டால் நமக்குப் பிடித்த விடைதான் வரும். நூற்றுக்கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியவர்களில் எனக்குப் பிடித்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். வாசகன், இவர் உங்கள் ஆள்தான், இயற்பியல்காரர். வானிலையைச் சமன்பாடு போட்டுக் கணிக்கலாம் என்று முதலில் முயன்றவர்களில் ஒருவர். போரையே ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் துப்பாக்கி எடுக்காமல் 1916 முதல் 1919 வரை பிரான்சில் ஆம்புலன்ஸ் வேலை பார்த்தார். வானிலைத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை உதறினார். பிறகு பல வருடம் உட்கார்ந்து சண்டைகளை எண்ணினார். போர்கள் தொடங்குவது ஏறக்குறைய பாய்சான் பரவலில், அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக நடப்பவற்றின் கணக்கில், விழுகிறது என்று கண்டார், கதிரியக்கச் சிதைவில் நீங்கள் பார்ப்பது போலவே. எல்லைக்கோட்டுக்கும் சண்டைக்கும் தொடர்பு தேடியபோது ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லை ஓரிடத்தில் 987 கி.மீ. என்றும் இன்னோரிடத்தில் 1214 கி.மீ. என்றும் இருந்தது. அளவுகோல் சிறியதானால் நீளம் கூடிக்கொண்டே போகிறது! கணிதவியலாளர் மாண்டல்ப்ரோ 1967-ல் எடுத்துப் பேசிய கடற்கரைப் புதிருக்கு விதை இதுதான்.

இதிலும் வில்லங்கம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் 1963-ல் தொடங்கிய தரவுத் திட்டத்தில், நாடுகளுக்கு இடையிலான போர் என்றால் களத்தில் குறைந்தது 1000 பேர் இறந்திருக்க வேண்டும். 1982 ஃபாக்லாந்தில் அர்ஜென்டினா 649, பிரிட்டன் 255. கூட்டிப் பாருங்கள், 904. ஆனாலும் பட்டியலில் இருக்கிறது. 1999 கார்கிலும் இருக்கிறது. இந்தியத் தரப்பில் அதிகாரபூர்வமாக 527 பேர், பாகிஸ்தான் தரப்பு எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சை. ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிடுவதில்லை என்ற புகழ்பெற்ற விதி இந்த இடத்தில் தடுமாறுகிறது, ஏனென்றால் அப்போது இரண்டு பக்கமும் தேர்தலில் வந்த அரசுகள், முஷாரஃப் ஆட்சியைப் பிடித்தது அதற்குப் பிறகு அக்டோபரில். கார்கிலை வெறும் எல்லை மோதல் என்று எண்ணினால் விதி பிழைக்கிறது, போர் என்று எண்ணினால் அடி வாங்குகிறது.

சும்மா_வந்தேன்:

904-ஐ 1000 ஆக்குகிறவர்கள் விஞ்ஞானிகள், டிரைவரைப் பற்றிப் பேசும் நான் கதை விடுகிறவன். நல்லது.

எண்_கணக்கு:

அவர்கள் பட்டியல் வெளியே கிடக்கிறது அண்ணா, அதனால்தான் 904 என்று பிடிக்க முடிந்தது. உங்கள் டிரைவர் கதையில் நான் எங்கே பிடிப்பது?

ராத்திரி_வாசகன்:

இரண்டு பேருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அப்படியானால் 1911 அகாதிர் நெருக்கடியையும் போர் வராத வரிசையில் வைக்கலாமா? அதே கைசர்தான், மொராக்கோவுக்குப் போர்க்கப்பல் வேறு அனுப்பினார்.

பழைய_வாத்தியார்:

தாராளமாக வையுங்கள். அது பேரத்தில் முடிந்தது, மொராக்கோ பிரான்சுக்கு, அதற்குப் பதிலாகக் காங்கோவில் கொஞ்சம் நிலம் ஜெர்மனிக்கு. அந்தத் தகராறில் ஆஸ்திரியா பெரிதாகக் கைகொடுக்காமல் ஒதுங்கி நின்றது, அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்து 1914-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதினால் இங்கேயே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.