மாலை வகுப்புக்கு ஊரின் ஆதரவைத் திரட்டுவது எப்படி?

கேள்வி (காவிரிக்கரை):
புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் எங்கள் ஊராட்சியில் தன்னார்வலராக ஒரு மையம் நடத்தி வருகிறேன். பதினெட்டுப் பெண்கள் பதிவு செய்தார்கள். பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள். பள்ளி வராந்தாவில் மாலை 6 மணி வகுப்புக்கு இப்போது நான்கு பேர்தான் வருகிறார்கள். "படித்துக் கலெக்டராகப் போகிறாயா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்களாம். ஊர்ப் பெரியவர்கள் "நல்ல காரியம், செய்யுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களை உள்ளே இழுப்பது எப்படி?

பதில் 1 (பழைய அறிவொளித் தொண்டர், புதுக்கோட்டை):
1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில், வயது வந்தோருக்கு எழுத்தறிவு கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது, புத்தகத்துக்கு முன்னால் ஊருக்குள் போனது கலைக்குழுதான். பாட்டும் நாடகமும் பார்க்க ஊரே திரண்ட பிறகுதான் பெயர் எழுதும் நோட்டைத் திறந்தோம். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். எழுத்துப் படித்த பெண்ணிடம் ஏற்படும் மாற்றம் ஊரின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டீக்கடையைத் தாண்டி அவர் சைக்கிளில் போனால் எல்லோருக்கும் தெரியும். மனைவியைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடும் வேலை தனக்குக் குறைந்ததைக் கண்ட பிறகுதான் எங்கள் தெருவில் பல கணவர்கள் முணுமுணுப்பதை நிறுத்தினார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: வகுப்பு முடிந்த பின் படிக்க எதுவும் கொடுக்காததால், எங்கள் மையத்தில் கற்றவர்களில் பலர் சில ஆண்டுகளில் மீண்டும் கைநாட்டுக்கே திரும்பினார்கள்.

பதில் 2 (ஓய்வுபெற்ற ஆசிரியை):
அம்மா, ஆறு மணி என்பது உலை வைக்கும் நேரம். நீங்கள் அழைக்கும் நேரமே அவர்களை வீட்டாரோடு சண்டைக்கு நிறுத்துகிறது. நூறு நாள் வேலைத் தளத்தில் சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் அரைமணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: என் மையத்தில் ஒரு பெண் "மண்டையில் ஏறவில்லை" என்று நின்றுவிட்டார். நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து அவர் உற்றுப் பார்த்ததைக் கவனித்த பிறகுதான், குறை மண்டையில் இல்லை, கண்ணில்தான் என்று புரிந்தது. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பொருள் மங்குவது இயல்பு. ஊர்ப் பெரியவர்களிடம் பொதுவாக ஆதரவு கேட்காமல், பதினெட்டுப் பேருக்கும் கண் பரிசோதனைக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள், கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று கேளுங்கள். செலவுக்குக் கணக்கு இருந்தால் மனிதர்கள் முன்வருவார்கள்.

பதில் 3 (குழு உறுப்பினர்):
எல்லோரும் ஆதரிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே பிழை என்பது என் கருத்து. எங்கள் சுயஉதவிக் குழுவில் பெண்கள் தீர்மான நோட்டைத் தாங்களே வாசிக்கத் தொடங்கியதும், அதுவரை "வாருங்கள், படியுங்கள்" என்று ஊக்கப்படுத்திய கணக்கெழுதுபவரே வகுப்பைக் குறை சொல்ல ஆரம்பித்தார். ஆனால் குழுக் கூட்டத்தன்று கடன் பாக்கியைக் கற்பவர்களே கூட்டிப் பார்த்ததால், மற்றவர்களும் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

காவிரிக்கரை:
மூவருக்கும் நன்றி. கண்ணாடி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நின்றுபோன பதினான்கு பேரில் எத்தனை பேர் ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுகிறார்கள் என்று நாளை வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன்.