பாதரசத்துல காந்தம் வச்சா மின்தடை கூடுமா? அளந்து பாத்தவங்க சொல்லுங்க

கொட்டாரம்:
அக்ரிலிக் வாய்க்கால், 10 மி.மீ. அகலம், 5 மி.மீ. ஆழத்துக்கு ரசம். 10 ஆம்பியர், செங்குத்தா 0.5 டெஸ்லா காந்தப்புலம். சுவிட்சப் போட்டதும் கரண்டும் புலமும் சேந்து பக்கவாட்டுல தள்ளுததுல ரசம் ஒரு சுவர்ல 8.7 மி.மீ. ஏறி நிக்கு, எதிர்ச்சுவர்ல ஒண்ணேகால் மி.மீ.தான் கெடக்கு. அங்க 2 மி.மீ. முங்கியிருந்த வோல்டேஜ் ஊசி இப்ப அந்தரத்துல! மீட்டர் காட்டுத கன்னாபின்னா எண்ணத்தான் “தடை கூடிச்சு”ன்னு ரெக்கார்டு நோட்டுல எழுதுதாங்க.

தக்கலை:
வாய்க்கால் வேண்டாம், மூடின குழாய்ல பாருங்க. உள்விட்டம் 3 மி.மீ., நீளம் 20 செ.மீ.ன்னா 27 மில்லி ஓம் வரும். 10 ஆம்பியருக்கு 2.7 வாட். உள்ள கெடக்கது 19 கிராம்தான், நொடிக்கு ஒரு டிகிரி ஏறிரும். டிகிரிக்கு 0.09 சதவீதம் தடை கூடும். 10 நொடியில வாற 0.9 சதவீதம் முழுசும் சூடு, காந்தத்துக்கு அதுல பங்கே கெடையாது. 1 ஆம்பியருக்கு எறங்கினா சூடு நூத்துல ஒண்ணு.

மார்த்தாண்டம்:
தக்கலை அண்ணே, மூடின குழாய்லயும் தப்ப முடியாது. காந்தமுனை விளிம்புல புலம் சட்டுன்னு கொறையும், அந்த எடத்துல ரசம் சுழலும். சுழலுத ரசம் புலத்த வெட்டும்போது எதிர் வோல்டேஜ் பிறக்கும். கரண்டத் திருப்பிப் போட்டா வெப்ப மின்னழுத்தம் (ரெண்டு உலோகம் சேருத எடத்துல சூட்டு வித்தியாசத்தால வாற வோல்டேஜ்) கழிஞ்சுரும். இது கழியாது, கரண்டோடயே சேந்து திரும்பும். புலத்த இரட்டிச்சா இது நாலு மடங்காகும், அதனால அசல் காந்தத்தடை (புலத்தால நேரடியா கூடுத மின்தடை) மாதிரியே வளைகோடு வரும். கண்டுபிடிக்க ஒரு வழி, 1 மி.மீ. குழாய்ல திரும்ப அளக்கணும். விளைவு சுருங்கிச்சுன்னா ஓட்டந்தான். அசல் காந்தத்தடை குழாய் விட்டத்தப் பாக்காது. அதோட அது 1 டெஸ்லாவுக்கு நூறு கோடியில ஆறு பங்குதான். எலக்ட்ரான் வளையுததுக்குள்ள முட்டிருது. நம்ம லேப் மீட்டர்ல அது தெரியவே தெரியாது.

குளச்சல்:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். கடல் காத்துல பித்தளை கிளிப் பச்சை பிடிச்சிரும். 27 மில்லி ஓம் அளக்கப் போறவங்க நாலு கம்பி முறை (கரண்டுக்கு ரெண்டு கம்பி, வோல்டேஜுக்குத் தனியா ரெண்டு) இல்லாம தொடவே செய்யாதுங்க. ரசத்துக்குள்ள செம்புக் கம்பி கரையும், டங்ஸ்டன் போடுங்க. ரசத்தோட ஆவிக்குப் பயந்து காலியம்ங்கிற இன்னொரு உலோகத்துக்குப் போறவங்க கவனிங்க: 29.76 டிகிரியில உருகும், நம்ம ஊர் மத்தியான வெயிலே போதும். உறையும்போது 3 சதவீதம் விரிஞ்சு கண்ணாடிய விண்டுரும். மேல ஆக்சைடு தோல் பிடிச்சா நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு. அலுமினியத் தட்டுல மட்டும் ஊத்தாதுங்க, மறுநா தட்டு பிஸ்கட் மாதிரி ஒடியும்.

கொட்டாரம்:
ஊசியச் சுவரோரத்துல இருந்து நடுவுக்கு மாத்தியாச்சு. நடுவுல மட்டம் அப்படியே நிக்கு.

மார்த்தாண்டம்:
நிக்கட்டும். இப்ப 5 ஆம்பியர்லயும் எடுத்துப் போடுங்க.