நெஸ்டிங்: ‘கூடமைப்பு’ வேண்டாம், ‘உள்ளடுக்கு’ வைக்கலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். நெஸ்டிங்குக்குத் தமிழ்ச்சொல்லாக ஐயா முன்வைத்தது இது:

> நெஸ்டிங் என்பதற்குக் ‘கூடமைப்பு’ பொருந்தும். கூட்டுக்குள் முட்டைபோல, ஒரு கூறுக்குள் இன்னொரு கூறு.

ஐயா, இந்தச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குடியாத்தத்தில் சனிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லைச் சொல்லித்தருகிறேன். பலகையில் ‘கூடமைப்பு’ என்று எழுதினேன். ‘கூட்டமைப்பு’ என்று வாசித்துவிட்டு, “நெசவாளர் கூட்டமைப்பு மாதிரியா மிஸ்?” என்று கேட்டாள் ஒருத்தி. தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை, வேறெப்படிக் கேட்பாள்?

உவமையும் சரியில்லை. கூடு வேறு, முட்டை வேறு. இங்கே ஒரே வகைப் பொருள்தான், அதாவது திறக்கும் குறியில் தொடங்கி மூடும் குறியில் முடியும் கூறுதான், ஒன்றுக்குள் ஒன்று போகிறது. ஆங்கிலத்திலும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பெட்டி, மேசைத் தொகுதிகளுக்கு ‘நெஸ்ட்’ என்றே பெயர் உண்டு. நம் வீட்டில் அதற்குப் பெயர் அடுக்கு.

அடுத்த வாரம் ஐந்து எவர்சில்வர் சம்படங்களைக் கொண்டுபோனேன். சின்னதற்கு மூடி போட்டு அடுத்ததற்குள் இறக்கி, அதற்கு மூடி போட்டு, இப்படியே வெளிச் சம்படம் வரை. கடைசியாகத் திறந்த குறியை முதலில் மூட வேண்டும் என்ற விதியை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

அன்றைக்கு ஒரு மாணவி முள்ளுக் கத்திரிக்காயைப் பற்றிப் பக்கம் செய்துகொண்டிருந்தாள். முதல் பத்தியில் ‘இலவம்பாடி’ என்ற ஊர்ப் பெயருக்கு, எழுத்தைத் தடிப்பாக்கும் ஸ்ட்ராங் குறியைத் திறந்தவள், மூடாமலே பத்தியை மூடிவிட்டாள். “இன்னா மிஸ், கீழ இருக்கிறது மொத்தமும் தடியா ஆயிடுச்சி?” உலாவி பத்தியை மூடினாலும் ஸ்ட்ராங் இன்னும் திறந்திருப்பதாகவே கொண்டு, அடுத்தடுத்த பத்திகளிலும் அதைத் தானே திறந்துவிடுகிறது. பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்து, “உள் சம்படத்துக்கு மூடி போடல” என்றான். அந்த நிமிடமே எனக்குச் சொல் முடிவாகிவிட்டது. ‘உள்ளடுக்கு’. வரிசை மாறி மூடினால் ‘அடுக்குப்பிசகு’.

பிசகையும் உலாவி பெரும்பாலும் சரிக்கட்டிக் காட்டிவிடும், அதனால் பிள்ளைகளுக்குத் தப்பே தெரிவதில்லை. அதே பக்கத்தை இபப் மின்னூலாக்கினால் எக்ஸ்எம்எல் என்ற கறாரான குறிமொழியின் விதி வந்துவிடும், அது பிசகைப் பிழையென்று நிறுத்திவிடும். இந்தத் தப்புக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பது அதனால்தான்.

> ‘அடுக்கு’ ஏற்கெனவே ஸ்டாக்குக்குப் போய்விட்டதே?

போகட்டும், நல்லதுதான். எச்டிஎம்எல்லைப் படிக்கும் நிரல், திறந்திருக்கும் கூறுகளை ஒரு ஸ்டாக்கில்தான், கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கில்தான், வைத்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கு, ஒன்றுக்குள் ஒன்று உள்ளடுக்கு. இரண்டும் உறவுச் சொற்களாக இருந்தால் பின்னாளில் நிரலாக்கம் படிக்கிற பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது.

வேறு சொற்களையும் பார்த்தேன். ‘உட்பொதிவு’ காணொளியைப் பக்கத்துக்குள் எம்பெட் செய்வதற்குப் பழகிவிட்டது. ‘உள்ளடக்கம்’ கன்டென்ட். ‘அடங்கல்’ என்றால் எங்கள் ஊரில் கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும் பயிர்க் கணக்கு. இந்த மூன்றும் கழிந்தன.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து

---

அம்மா, கூட்டமைப்புச் சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லை. ‘கூடமைப்பு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஓர் ஐயம்: ‘உள்ளடுக்கு’ பெயரா, ஏவலா? ‘பட்டியலை உள்ளடுக்கு’, ‘இது ஓர் உள்ளடுக்கு’, இரண்டும் வருமே.

---

வரும் ஐயா. ‘கட்டு’, ‘பூட்டு’ இரண்டும் அப்படித்தானே வழங்குகின்றன? செயலைத் தனியாகச் சொல்ல ‘உள்ளடுக்கல்’ இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை பட்டியல் பாடம். உள்பட்டியலை யுஎல் என்ற பட்டியல் கூறுக்குள் நேராக வைக்காமல், பட்டியலின் ஓர் உருப்படியான எல்ஐக்குள் உள்ளடுக்க வேண்டும் என்று பாடக்குறிப்பில் எழுதிவிட்டேன். வெளியே இருக்கும் பேரன்ட், அதற்குள் இருக்கும் சைல்ட் இரண்டுக்கும் ‘தாய்க்கூறு’, ‘சேய்க்கூறு’ சரிவருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.