மேற்கு வெயில் சிட்-அவுட், 3 பெரிய தொட்டி: எப்போதும் பச்சையாக நிற்கிற செடி எது?

மாடிவீட்டுக்காரி:
வணக்கம். திருவான்மியூரில் முதல் மாடி. ஹாலுக்கு வெளியே 12க்கு 8 அடியில் திறந்த சிட்-அவுட், மேற்குப் பார்த்தது, மதியம் ஒரு மணிக்கு வருகிற வெயில் ஆறு மணிக்குத்தான் கிளம்பும். 18 அங்குல சிமெண்ட் தொட்டி மூன்று இருக்கிறது. முதலில் ரோஜா வைத்தேன், போச்சு. அப்புறம் ஊட்டியிலிருந்து ஆசையாக ஹைட்ரேஞ்சியா கொண்டுவந்தேன், பத்தே நாளில் அவித்த கீரை மாதிரி தொங்கிவிட்டது (சிரிக்க வேண்டாம்). இப்போது எனக்கு வேண்டியது இடுப்பு உயரத்துக்குப் புதராக, வருஷம் முழுக்க இலையோடு நிற்கிற செடி. மாதத்தில் நாலைந்து நாள் வெளியூர் போய்விடுவேன். தண்ணீர் போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாகப் படிகிற ரகம். ஹைவே நடுவில் அரளி யார் கவனிப்பும் இல்லாமல் செழிக்கிறதே, அதையே வைத்துவிடலாமா? ஒரு விஷயம், வீட்டில் எதைக் கண்டாலும் கடிக்கிற நாய்க்குட்டி இருக்கிறது.

வேப்பங்கொட்டை:
நாய்க்குட்டி இருக்கிற வீட்டில் அரளி வேண்டவே வேண்டாம். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். ஆனால் நீங்கள் யோசித்த வழி சரிதான், அதே ஹைவேயில் பக்கத்திலேயே காகிதப்பூவும் நிற்கும், பாருங்கள். தண்ணீரைக் குறைத்தால் இன்னும் அதிகமாகப் பூக்கும். என்ன, முள் இருக்கிறது, 8 அடி அகலத்தில் சேலை மாட்டும். உதிர்ந்த பூ மழைக்கு முன்னால் போய் வடிகுழாயை அடைக்கும், எங்கள் வீட்டில் ஒரு ஐப்பசியில் ஹால் வரை தண்ணீர் வந்தது. என் ஓட்டு அடுக்கு நந்தியாவட்டைக்கு. வெயிலோ அரை நிழலோ கவலைப்படாது, சாமிக்குப் பூவும் ஆச்சு.

கிணற்றடி:
நந்தியாவட்டை அருமையான செடிதான், எங்கள் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அதுவும் அரளிக் குடும்பம், கிள்ளினால் பால் வடியும். நாய்க்குட்டி வளர்ந்து கடிக்கிற புத்தி போகிற வரை வேண்டாம். கூடவே ஒரு விருந்தாளியும் வருவார்: விரல் பருமனுக்குப் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளி. இலையோடு இலையாக ஒட்டிக்கொள்வதால் கண்ணில் படாது, காலையில் தரையில் மிளகு மிளகாகக் கிடக்கிற எச்சத்தைப் பார்த்து, அதற்கு நேர் மேலே தேடினால் ஆள் அகப்படுவார்.

நான் சொல்வது காமினி. நர்சரியில் அப்படியே கேளுங்கள், கறிவேப்பிலைக்கு உறவுக்காரச் செடி. சின்னச் சின்னப் பளபள இலை, வெட்டி விட்டால் அடர்ந்து பந்து மாதிரி நிற்கும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் பூத்தால் ஹால் வரை மணக்கும், மறுநாளே கொட்டிவிடும், அந்த ஒரு பெருக்கல் வேலைதான். ஒன்றரை அடி செடியாக வாங்குங்கள். சின்ன நாற்றை 18 அங்குலத் தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகல் வரும்.

மாடிவீட்டுக்காரி:
காமினி சரி. ஆனால் அம்மாவுக்கு ஒரு தொட்டியிலாவது சிவப்பு இட்லிப்பூ வேண்டுமாம். வைக்கலாமா?

வேப்பங்கொட்டை:
வெயில் தாங்கும், நாய்க்கும் பயமில்லை. உங்கள் தண்ணீர்தான் ஆகாது. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் பிடிக்கும். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது உரக்குறை இல்லை. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலைமை. அது தெரியாமல் நான் யூரியா போட்டு ஒரு செடியையே கொன்றிருக்கிறேன். சிமெண்ட் தொட்டியும் புதிதாக இருக்கும்போது சுண்ணாம்பைக் கக்கும், நாலைந்து நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டு நடுங்கள்.

கிணற்றடி:
இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடியுங்கள். அதில் உப்பே கிடையாது. எங்கள் படுக்கையறை ஏசி கோடையில் ராத்திரிக்கு அரை வாளிக்குக் குறையாமல் தரும், அது முழுக்க இட்லிப்பூவுக்குத்தான், மூன்று வருஷமாக மஞ்சள் தட்டவில்லை. ஊரில் இல்லாத நாட்களுக்கு மண்மேல் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போங்கள். தொட்டிக்கு அடியில் மூன்று செங்கல் கொடுங்கள், துளை அடைபடாது. அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பார்கள், அது வேருக்கான இடத்தைத்தான் தின்னும், துளைமேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும். நனைந்த மண்ணோடு ஒரு தொட்டி 100 கிலோ பக்கம் வரும், சுவரோரமாகவே வையுங்கள்.

மாடிவீட்டுக்காரி:
ரொம்ப நன்றி. இந்த ஞாயிறே நர்சரிக்குப் போகிறேன். இரண்டு காமினி, ஒரு இட்லிப்பூ. பழைய தொட்டி மண்ணையே போடலாமா?

வேப்பங்கொட்டை:
அக்னி நட்சத்திரத்தில் போகாதீர்கள்! நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் வளர்ந்த செடி, நேரே உங்கள் மேற்கு வெயிலுக்கு வந்தால் ஹைட்ரேஞ்சியா கதைதான். ஆடியில் இரண்டு மழை விழட்டும். வாங்கி வந்ததும் பத்து நாள் நிழலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்துங்கள். பழைய மண்ணில் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்த இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, மீதியோடு செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்துகொள்ளுங்கள். ரோஜாவின் வேர் இன்னும் உள்ளே கிடக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.