உதவி: சுருக்குப்பையில் சுற்று இணைக்கும் கோடு சாய்ந்துகொண்டே போகிறது

முலுண்ட்வாசி (திங்கள், இரவு 11.48)
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். நவராத்திரிக்கு வருபவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கக் குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை) சின்னச் சுருக்குப்பை பின்னுகிறேன். அடிப்பாகம் வட்டமாக, தட்டையாக நன்றாகவே வருகிறது. சுவர் எழும்ப ஆரம்பித்ததும் சுற்றை இணைக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்கிறது. பையின் வாய்க்கு வரும்போது ஏறக்குறைய கால் சுற்று தள்ளிப் போய்விடுகிறது. மஞ்சளும் குங்குமச் சிவப்பும் மாற்றி மாற்றிப் போடுவதால் நிறம் மாறும் இடம் சாய்வாகப் பளிச்சென்று தெரிகிறது. கயிறு வெளியே வரும் இடமும் முன்பக்கம் தைக்கும் தாமரைப் பூவுக்கு நேராக இல்லை. என்ன செய்வது? பிரித்துப் பிரித்துப் பின்னி நூலே பிசிறடித்துவிட்டது.

தானேநூல் (செவ்வாய், காலை 6.20)
என்ன நூல், ஊசி எத்தனை மில்லிமீட்டர்? சிங்கிள் குரோஷே என்ற குட்டைப் பின்னலா, சற்று உயரமான ஹாஃப் டபுளா? சுற்று முடிந்ததும் ஸ்லிப் ஸ்டிட்ச் (சின்ன இணைப்புக் கண்ணி) போட்டு இணைக்கிறீர்களா, அல்லது சுருளாகப் போய்க்கொண்டே இருக்கிறீர்களா? சுற்றுக்குச் சுற்று எண்ணிப் பார்த்தீர்களா? ஒரு படமும் போட்டால் நல்லது.

கொக்கிஊசி (செவ்வாய், காலை 7.05)
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. குழுவின் பழைய பதிவுகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். இணைத்த பிறகு ஒரு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, சுற்றை இணைத்த அதே ஸ்டிட்ச்சில் முதல் சிங்கிளைப் போட வேண்டும். நீங்கள் அடுத்ததில் போடுகிறீர்கள். சுற்று முடிவில் ஸ்லிப் ஸ்டிட்ச்சையும் ஒரு ஸ்டிட்ச் என்று நினைத்து அதிலும் ஊசியை விடுகிறீர்கள். எண்ணிக்கை மாறாது, ஆனால் கோடு சுற்றுக்கு ஒரு ஸ்டிட்ச் இடது பக்கம் போகும். சிங்கிள் குரோஷேயில் கோடு இயல்பாகச் சாய்வது வலது பக்கம்தான். இடது பக்கம் போகிறது என்றாலே காரணம் இது ஒன்றுதான். ஸ்டிட்ச்சை ஒழுங்காக அடையாளம் காணப் பழகிய பிறகு பை, பொம்மைக்கெல்லாம் போகலாம்.

பழையமில் (செவ்வாய், காலை 8.32)
கைவேலை பற்றி எனக்கு அதிகம் தெரியாது, வீட்டம்மா பின்னுவார். நான் மும்பை பரேலில் ஒரு துணி மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். நூலின் முறுக்கைச் சந்தேகப்படுங்கள். பனியன் துணியில் தைத்த டி-ஷர்ட் இரண்டு தடவை துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்கிறது அல்லவா? நூலில் அடங்காத முறுக்கு மீதி இருந்தால் அப்படி ஆகும். சோதிப்பது எளிது. ஒரு மீட்டர் நூலை எடுத்து, இழுத்துப் பிடித்து, இரண்டு முனையையும் மெல்ல ஒன்றாகக் கொண்டுவாருங்கள். நடுவில் தானாகச் சுற்றிக்கொண்டால் முறுக்கு அதிகம். அமைதியாகத் தொங்கினால் நூல்மேல் பழி இல்லை.

அந்தேரிபொம்மை (செவ்வாய், காலை 9.10)
நூலை ஊசிக்கு மேலே போட்டு இழுக்கிறீர்களா, கீழிருந்து கொக்கியில் மாட்டி இழுக்கிறீர்களா? ஸ்டிட்ச்சுக்குள் ஊசியை விட்டு முதல் முறை இழுக்கும்போது மட்டும் கீழிருந்து எடுங்கள். ஒவ்வொரு ஸ்டிட்ச்சும் V வடிவத்துக்குப் பதிலாக X வடிவில் வரும், சாய்வும் குறையும், பின்னலும் நெருக்கமாக இருக்கும். நான் எல்லாப் பொம்மையும் இப்படித்தான் செய்கிறேன். முகம் பக்கவாட்டில் திரும்பாமல் நிற்கும்.

முலுண்ட்வாசி (செவ்வாய், காலை 9.41)
4 ப்ளை (நான்கு இழை முறுக்கிய) காட்டன், 3 மி.மீ. ஊசி. சிங்கிள்தான். ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு இணைக்கிறேன். 6 ஸ்டிட்ச்சில் ஆரம்பித்து, சுற்றுக்கு 6 கூட்டி, 48 வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டேன். எல்லாச் சுற்றிலும் 48 இருக்கிறது. முதல் ஸ்டிட்ச்சை அதே இடத்தில்தான் போடுகிறேன், அதற்கு அடையாளமாக மார்க்கரும் மாட்டியிருக்கிறேன். நூல் முறுக்கிக்கொள்ளவில்லை சார், இப்போதே பார்த்தேன். படம் சேர்த்திருக்கிறேன். ரயிலில் இருக்கிறேன், காட்கோபரில் கூட்டம் ஏறுகிறது, அப்புறம் வருகிறேன்.

கொக்கிஊசி (செவ்வாய், காலை 10.02)
அப்படியானால் உள்பக்கத்தை வெளியே வைத்திருக்கிறீர்கள். உள்ளிருந்து பார்த்தால் வலது சாய்வு இடது சாய்வாகத்தான் தெரியும். பையைத் திருப்பிப் போடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

தானேநூல் (செவ்வாய், காலை 10.15)
படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் கொக்கிஊசி. வெளியே தெரிவது V வரிசை. உள்பக்கமாக இருந்தால் குறுக்குக் கோடுகள் தெரியும். அவர் சரியான பக்கத்தைத்தான் காட்டுகிறார். மார்க்கரும் இணைப்புக்கு நேராகவே இருக்கிறது, ஒன்றையும் தாண்டவில்லை.

டோம்பிவிலிகணக்கு (செவ்வாய், மதியம் 12.50)
தப்பாக நினைக்காதீர்கள். பண்டிகை நேரத்தில் மெஷின் குரோஷே பைகள் மார்க்கெட்டில் டஜன் கணக்கில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு பைக்கு ஒரு மாலைப்பொழுது போகிறது என்றால் கணக்கு உதைக்கவில்லையா?

தானேநூல் (செவ்வாய், மதியம் 1.05)
மெஷின் குரோஷே என்று ஒன்று கடையில் கிடையாது. ஆலைகளில் குரோஷே மெஷின் என்று சொல்வது வேறு வகைப் பின்னல் இயந்திரம். அதில் எலாஸ்டிக் பட்டை, லேஸ் ஓரம், குஞ்சம் எல்லாம் வரும். ஒரு ஸ்டிட்ச்சை முடித்துவிட்டு, ஏற்கெனவே பின்னிய எந்த இடத்திலும் ஊசியை விட்டு அடுத்ததை எடுக்கும் இந்த வேலை கையால்தான் நடக்கிறது. நீங்கள் பார்த்தது உண்மையான குரோஷே பை என்றால், அதையும் யாரோ ஒரு பெண் உட்கார்ந்துதான் பின்னியிருக்கிறார். விலை மலிவு என்றால் அவர் கைக்குப் போன கூலி அதைவிட மலிவு.

டோம்பிவிலிகணக்கு (செவ்வாய், மதியம் 1.22)
நான் வாங்குவது கடைக்காரரிடம். கூலிக்கு நான் எப்படிப் பொறுப்பு? யாரும் வாங்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் காசும் வராதே.

கொக்கிஊசி (செவ்வாய், மதியம் 1.40)
ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாப்பூரில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் குரோஷே லேஸ் பின்னுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்த வேலை. 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பின்னுபவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். வாங்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. மெஷினில் வந்தது என்று சொல்லி விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்தேரிபொம்மை (செவ்வாய், மதியம் 2.10)
இதில் நான் கொக்கிஊசி பக்கம். என் பொம்மைக்கு நூல் விலையை மட்டும் கணக்குப் போட்டு, "இவ்வளவு குட்டி பொம்மைக்கா?" என்று கேட்கிறார்கள். இந்த ஊரில் ஒரு பிளவுஸ் தையற்கூலி என்னவென்று அவர்களுக்கே தெரியும்.

டோம்பிவிலிகணக்கு (செவ்வாய், மதியம் 2.31)
சரி, மெஷின் விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். கூலி விஷயத்தில் நான் சொன்னதில் தப்பில்லை.

மாட்டுங்காமாமி (செவ்வாய், மாலை 5.55)
சண்டையை நிறுத்திவிட்டு அந்தப் பெண் போட்ட படத்தைப் பாருங்கள். ஒரு சுற்று பாதியில் நிற்கிறது. பின்னி முடித்த பாதி ஊசிக்கு இடது பக்கம் உயரமாக இருக்கிறது, பின்ன வேண்டிய பாதி வலது பக்கம் தாழ்ந்து இருக்கிறது. வலது கைக்காரர் பின்னினால் இது தலைகீழாக இருக்கும், ஏனென்றால் நாம் வலமிருந்து இடமாகப் போகிறோம். அம்மா முலுண்ட், நீ இடது கையால் பின்னுகிறாயா?

தானேநூல் (செவ்வாய், மாலை 6.08)
மாமி, அருமை! நான் ஊசி அளவெல்லாம் கேட்டேன், இதைக் கேட்கவே தோன்றவில்லை.

கொக்கிஊசி (செவ்வாய், மாலை 6.30)
இடது கை என்றால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்ன விதி வலது கைக்கு. சிங்கிள் குரோஷேயில் ஸ்டிட்ச்சின் தலை (மேலே V-யாகத் தெரியும் இரண்டு இழை) அதன் தண்டுக்கு (கீழே நிற்கும் உடல் பகுதி) நேர் மேலே உட்காராது, சற்றுத் தள்ளி உட்காரும். வலது கைக்காரருக்கு வலப்பக்கம், இடது கைக்காரருக்கு இடப்பக்கம். ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது அந்தச் சிறு விலகல் சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே இது பிழை அல்ல, பின்னலின் இயல்பு. எண்ணிக்கை 48லேயே நின்றதும் அதனால்தான்.

மாட்டுங்காமாமி (செவ்வாய், மாலை 6.52)
இயல்பு என்று விட்டுவிட்டால் பை கோணலாகத்தானே நிற்கும்? இதற்கு வழி இருக்கிறது. சுவர் பகுதியில் ஒவ்வொரு சுற்றையும் இணைத்து, ஒரு செயின் போட்டு, வேலையைத் திருப்பிக்கொள். இணைத்த அதே ஸ்டிட்ச்சில் ஆரம்பித்து வந்த வழியே திரும்பிப் பின்னு. ஒரு சுற்று இடது பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலது பக்கம் சாயும், கோடு செங்குத்தாக நிற்கும். எந்தக் கைக்காரருக்கும் இது பொருந்தும். V வரிசையும் குறுக்குக் கோடும் மாறி மாறி வரும், அதுவும் பார்க்க அழகுதான். நீ இரண்டு நிறம் போடுவதால் ஒன்றைக் கவனி. ஒவ்வொரு நிறத்தையும் இரட்டைப்படைச் சுற்றாகப் பின்னு, புது நிறத்தின் முதல் சுற்று வெளிப்பக்கம் பார்த்துப் பின்னுவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பழைய நிறம் வெளியே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். அப்புறம் தாமரையைக் கடைசியில் தை, கயிறு வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்தேரிபொம்மை (செவ்வாய், இரவு 7.20)
திருப்பாமல் வழுவழுப்பான முகப்பே வேண்டும் என்றால் நான் சொன்ன X முறை. அல்லது V-யின் மேல் இரண்டு இழைக்குப் பதிலாக, தண்டின் நடுவில் ஊசியை விட்டுப் பின்னுகிற வெயிஸ்ட்கோட் ஸ்டிட்ச். வரிசை நேராக அடுக்கி நிற்கும், ஸ்வெட்டர் பின்னல் சாயலில் இருக்கும். ஆனால் 3 மி.மீ. ஊசியில் உள்ளே நுழையவே நுழையாது. 4 மி.மீ. எடுத்து, கையைத் தளர்த்திப் பின்ன வேண்டும்.

தானேநூல் (செவ்வாய், இரவு 7.34)
ஏற்கெனவே பாதி முடித்த பை இருந்தால் பிரிக்காதீர்கள். சில சுற்றுக்கு ஒருமுறை, பின்னும் திசையில் ஒரு ஸ்டிட்ச் தள்ளி ஆரம்பித்து, விட்டுப்போன இடத்தைச் சுற்றின் கடைசி ஸ்டிட்ச்சாகப் பின்னுங்கள். கோடு அந்த அளவு பின்னால் திரும்பும். கொக்கிஊசி தப்பு என்று சொன்ன அதே வேலைதான், இங்கே வேண்டுமென்றே செய்கிறோம்.

பழையமில் (புதன், காலை 8.15)
நூல் குற்றமற்றது என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் காட்டன் பையைக் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் நனைத்துக் காயவைத்துப் பாருங்கள், அம்மா. குங்குமச் சிவப்பு மஞ்சளில் இறங்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

முலுண்ட்வாசி (வெள்ளி, இரவு 10.26)
ஆமாம் மாமி, இடது கைதான். திருப்பிப் பின்னினேன், கோடு நேராக நிற்கிறது. சார் சொன்னபடி நனைத்தும் பார்த்தேன், சாயம் போகவில்லை. எல்லோருக்கும் நன்றி. இன்னும் நிறையப் பை பாக்கி இருக்கிறது, வருகிறேன்.

வாஷிபுதுசு (சனி, காலை 11.03)
நானும் இடது கைதான். வீடியோவைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்த்தும் மேஜிக் ரிங் (வட்டம் தொடங்கப் போடும், இழுத்தால் இறுகும் நூல் வளையம்) இறுகாமல் நடுவில் ஓட்டை விழுகிறது. யாராவது சொல்ல முடியுமா?

தானேநூல் (சனி, காலை 11.20)
என்ன நூல்? தொடக்கத்தில் நூல் வால் எவ்வளவு நீளம் விடுகிறீர்கள்? படம் போடுங்கள்.